காலம் கடந்த கடவுள் காலத்தைப் படைக்க இயலுமா?

சிக்கல் எங்கே இருக்கிறது

உலகுக்குப் படைப்பாளன் ஒருவன் உண்டு என்று கொள்ளும் சமயங்களில் பெரும்பாலானவை அவனைக் காலத்துக்கு அப்பாற்பட்டவன் என்றும் கூறுகின்றன. தனித்தனியே நிற்கும்போது இவ்விரு கூற்றுகளும் இடர் தருவதில்லை. அருகருகே வைத்தால்தான் முரண் தலைகாட்டுகிறது. படைத்தல் ஒரு செயல். செயல் என்றால் அது நிகழாத நிலை ஒன்றும் நிகழ்ந்த நிலை ஒன்றும் வேண்டும். அவ்விரண்டுக்கும் நடுவே முன், பின் என்ற உறவு வேண்டும். அந்த உறவைத்தான் காலம் என்கிறோம். ஆகவே காலத்தைப் படைத்தார் என்னும்போது, காலம் இல்லாத நிலையை 'முன்' என்று குறித்து, காலத்தின் தொடக்கத்தையே காலத்துக்குள் கொண்டுபோய் வைக்க நேர்கிறது. கடவுளிடத்தில் முன்பின் கிடையாது என்று உறுதியாக நின்றாலோ, படைக்காமல் இருந்தவர் பிறகு படைத்தார் என்று சொல்ல இடமில்லாமல் போகிறது. அவரது படைப்புச் செயல் என்றும் உள்ளது என்றால் உலகமும் அவரைப் போல என்றும் உள்ளதாகிவிடும் என்ற அச்சம் எழுகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே வரையறுத்துக்கொள்வது நல்லது. கடவுள் நித்தியர் என்ற சொல்லை இரு பொருளில் ஆள்வதுண்டு. தொடக்கமும் முடிவும் இல்லாமல் எல்லாக் காலங்களிலும் நிலைத்திருப்பவர் என்பது ஒன்று. நேற்று, இன்று, நாளை என்ற வரிசையே தம்மைத் தொடாதவர் என்பது மற்றொன்று. முன்னதை முடிவற்ற இருப்பு என்றும், பின்னதைக் காலாதீதம் என்றும் இக்கட்டுரை குறிக்கும். முன்னதை ஏற்பவர்களுக்குக் காலத்தைப் படைப்பது பற்றிய இந்தச் சிக்கலே இல்லை. அவர்களுடைய கடவுள் காலத்தைப் படைக்கவில்லை, காலத்தோடு இருக்கிறார். காலாதீதம் என்ற இரண்டாம் கொள்கைதான் இங்கே சோதனைக்கு உரியது. அச்சோதனையில் அது தோற்றுவிடுவதில்லை. ஆனால் படைப்பை ஒரு நிகழ்ச்சியாகக் கருதும் பழக்கத்தையும், உலகின் தொடக்கத்தையே கடவுளுக்குச் சான்றாகக் காட்டும் பழக்கத்தையும் அது கைவிட வேண்டியிருக்கும். அதன் பற்றாளர்கள் பலர் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

அகஸ்டீனின் விடையும் அதன் எல்லையும்

விண்ணையும் மண்ணையும் படைப்பதற்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வியை 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹிப்போ நகர ஆயர் அகஸ்டீன் தமது 'ஒப்புதல்கள்' நூலின் 11ஆம் பகுதியில் எடுத்துக்கொண்டார். இத்தகைய ஆழங்களைத் துருவுவோருக்காக நரகத்தைத் தயார்செய்துகொண்டிருந்தார் என்று யாரோ ஒருவர் வேடிக்கையாகச் சொன்ன விடையை அவர் பதிவுசெய்கிறார். ஆனால் கேள்வி கேட்டவரை நகையாடுவது விடையாகாது என்று அதை ஒதுக்கிவிடுகிறார். அவரது விடை வேறு: காலமும் கடவுளின் படைப்பே, காலம் இல்லாதபோது 'அப்போது' என்ற ஒன்று இல்லை, எனவே அக்கேள்விக்குக் கால் ஊன்ற நிலம் இல்லை. பின்னர் எழுதிய 'இறைவனின் நகரம்' நூலில் இதையே இன்னும் செறிவாக்கி, உலகம் காலத்துக்குள் படைக்கப்படவில்லை, காலத்தோடு சேர்த்துப் படைக்கப்பட்டது என்ற நிலைப்பாட்டுக்கு வருகிறார். காலமும் வானமும் ஒன்றாகத் தோன்றின என்ற கருத்து பிளேட்டோவின் 'திமாயுஸ்' உரையாடலிலேயே உண்டு. அகஸ்டீனின் புதுமை, அதைப் படைப்புக்கு முந்தைய நிலை குறித்த கேள்விகளுக்கு எதிரான கேடயமாகப் பயன்படுத்தியதில் இருக்கிறது.

அந்தக் கேடயம் ஒரு திசையில்தான் காக்கும். 'முன்பு என்ன' என்ற கேள்வி செல்லாது என்று காட்டியதால், 'எப்படி' என்ற கேள்வி தீர்ந்துவிடவில்லை. முதல் கணத்துக்கு முன் ஒரு கணம் இல்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்த முதல் கணத்தை இருக்கச் செய்த காரணம் எந்த வகையில் காரணமாக இருக்கிறது என்பது விளக்கப்பட வேண்டும். காரணம் காரியத்துக்கு முற்பட்டது என்பது அன்றாட அறிவு. முற்படுதலை நீக்கிவிட்டால் காரணம் என்ற சொல்லில் எஞ்சுவது என்ன?

இதற்கான விடையின் வித்தும் அகஸ்டீனிடமே கிடைக்கிறது, ஆனால் தம் கருத்தாக அன்று, பிளேட்டோவைப் பின்பற்றியவர்கள் காட்டிய எடுத்துக்காட்டாக. ஒரு பாதம் தொடக்கமில்லாத காலந்தொட்டுப் புழுதியில் பதிந்தே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதன் கீழுள்ள சுவடும் தொடக்கமின்றி இருந்துகொண்டிருக்கும். ஆனாலும் சுவடு பாதத்தால் ஆனதே தவிர, பாதம் சுவட்டால் ஆனதன்று. இங்கே எது முந்தியது என்று நாழிகை பார்த்துச் சொல்ல முடியாது. எது எதைச் சார்ந்து நிற்கிறது என்று ஐயமின்றிச் சொல்ல முடியும். காரணத்தின் சாரம் முற்படுதல் அன்று, சார்பு என்பதே இதிலிருந்து பெறப்படுவது. உலகம் தொடக்கமற்றது என்பதற்காக எழுந்த எடுத்துக்காட்டு, காலத்தைப் படைத்தவர் உண்டு என்போருக்கும் இதே அளவு பயன்படுகிறது என்பதுதான் வியப்பு.

விருப்பம் இருந்தும் விளைவு காத்திருக்குமா

இசுலாமிய மெய்யியலில் இப்பிரச்சினை இன்னும் கூர்மையாக விவாதிக்கப்பட்டது. 1095இல் அல் கசாலி எழுதிய 'மெய்யியலாரின் முரண்பாடு' என்னும் நூலில் உள்ள 20 விவாதங்களில் முதலாவது உலகம் தொடக்கமற்றதா என்பதைப் பற்றியது. மெய்யியலாரை இறைமறுப்பாளர் என்று அவர் கடிந்த மூன்று கொள்கைகளில் இதுவும் ஒன்று. எதிர்த்தரப்பின் வாதத்தை அவர் மறைக்காமல் முழு வலிமையோடு முன்வைக்கிறார். கடவுளின் விருப்பம் என்றும் உள்ளது. அவருடைய ஆற்றலுக்குத் தடை இல்லை. கருவியோ துணையோ தேவையில்லை. அவ்வாறிருக்க விளைவு ஏன் தாமதிக்க வேண்டும்? மணவிலக்குச் சொல்லைக் கணவன் உரைத்ததும் அது உடனே செல்லுபடியாகிறது. நாளை வரும்போது அல்லது வீட்டுக்குள் நுழையும்போது என்று அதற்கு ஒரு நிபந்தனையைக் கட்டியிருந்தால் மட்டுமே பிறகு செல்லுபடியாகும். படைப்புக்கு முன்னே எதுவுமே இல்லை என்னும்போது, கடவுளின் விருப்பம் எந்த நாளைக்காகக் காத்திருந்தது?

கசாலியின் மறுமொழியில் இரு கூறுகள் உள்ளன. என்றும் உள்ள விருப்பமே, உலகம் இன்ன கணத்தில் தொடங்க வேண்டும் என்று விரும்பியது என்பது ஒன்று. உலகுக்கு முன் கடவுள் இருந்தார் என்ற தொடரில் கடவுளின் இருப்பும் உலகின் இன்மையும் தவிர மூன்றாவதாக ஒரு காலம் குறிக்கப்படவில்லை என்பது மற்றொன்று. உலகின் எல்லைக்கு வெளியே வெற்றிடம் இருக்கும் என்று மனம் கற்பனை செய்துகொள்வது போல, தொடக்கத்துக்குப் பின்னே காலம் நீண்டு கிடப்பதாகவும் அதே மனமே கற்பனை செய்துகொள்கிறது என்பது அவர் வாதம். இரண்டாம் கூறு வலுவானது. முதற்கூறோ அதையே குலைக்கிறது: 'இன்ன கணம்' என்று தேர்ந்தெடுக்கப் பல கணங்கள் முன்னரே வரிசையாக நிற்க வேண்டும், கணங்களே இல்லாதபோது அவற்றிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்தல் எங்ஙனம்? கோர்தோபாவின் இப்னு ருஷ்த் தமது மறுப்பு நூலில் கசாலியின் விடைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, தடையற்ற காரணத்துக்கும் அதன் செயலுக்கும் இடைவெளி இருக்க முடியாது என்பதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவே பின்னணி. விவாதத்தின் இந்தப் பகுதியில் இப்னு ருஷ்தின் கையே ஓங்கியிருக்கிறது என்று கருத இடமுண்டு.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்த முடிச்சை வேறு இடத்தில் அவிழ்த்தார். படைத்தல் மாற்றம் அன்று என்பது அவர் நிலை. மாற்றம் என்றால் முன்பே உள்ள ஏதோ ஒன்று ஒரு நிலையிலிருந்து வேறு நிலைக்குப் போக வேண்டும். இன்மையிலிருந்து படைக்கப்படும் பொருளுக்கு முன்நிலை எதுவும் கிடையாது. ஆகவே படைப்பு என்பது படைக்கப்பட்ட பொருள் தன் இருப்பு முழுவதற்கும் கடவுளைச் சார்ந்திருக்கும் உறவு மட்டுமே. அந்த உறவு மெய்யாக இருப்பது பொருளிடத்தில்தான், கடவுளிடத்தில் அன்று. இந்த அடிப்படையில் நின்றதால் அவரால் துணிச்சலான மற்றொரு கருத்தையும் சொல்ல முடிந்தது: உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பதை மறைநூலின் வாயிலாக நம்பலாம், தருக்கத்தால் நிறுவ முடியாது, தொடக்கமே இல்லாத உலகம்கூடப் படைக்கப்பட்ட உலகமாக இருக்க முடியும். அவர் காலத்திலேயே பொனவெந்தூரா போன்றோர் இதை ஏற்கவில்லை. அக்குவினாஸ் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1277இல், பாரிஸ் ஆயர் தெம்பியே 219 கருத்துகளைத் தடைசெய்தபோது உலகின் அநாதித்தன்மை குறித்த கருத்துகளும் அப்பட்டியலில் இடம்பெற்றன.

படைப்பு ஒரு சார்புறவு என்று கொண்டால், காலாதீதக் கடவுள் காலத்தைப் படைக்கலாம் என்பதில் தருக்க முரண் இல்லை. காலம் முழுவதும், அதன் முதல் கணமும் கடைக் கணமும் நடுக் கணங்களும், ஒரே அளவில் அவரைச் சார்ந்து நிற்கும். முதல் கணத்துக்கு இதில் தனிச்சிறப்பு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நேற்றைய மழையைவிட உலகின் தொடக்கம் கடவுளுக்கு எவ்வகையிலும் நெருக்கமானதாக இருக்காது.

முறையாகவா, ஒருசேரவா

மேலை மரபில் நடந்த இந்த விவாதத்துக்குத் தொடர்பில்லாமலே இந்திய மரபில் இதே வினா வேறு வடிவத்தில் எழுந்தது. 8ஆம் நூற்றாண்டின் பௌத்த அறிஞர் சாந்தரட்சிதர் தமது 'தத்துவ சங்கிரகம்' நூலிலும், அதற்கு உரை வகுத்த அவர் மாணவர் கமலசீலர் தமது பஞ்சிகையிலும், நியாய மரபினரான நையாயிகர் கூறும் ஈசுவரனை மறுக்கும்போது இதைக் கையாளுகின்றனர். இவ்வாதத்தின் வேர் அவர்களுக்கு முந்தைய பௌத்தத் தருக்கவியலாளர் தருமகீர்த்தியிடம் உள்ளது. மாறாத நித்தியப் பொருள் ஒன்று காரியங்களைப் பிறப்பிக்கிறது என்றால், ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பிக்கிறதா, எல்லாவற்றையும் ஒருசேரப் பிறப்பிக்கிறதா? ஒன்றன்பின் ஒன்றாக என்றால், முதற்காரியத்தைச் செய்தபோது இரண்டாவதைச் செய்யாமல் இருந்தது ஏன் என்ற கேள்வி எழும். துணைக்காரணங்களுக்காகக் காத்திருந்தது என்றால், அத்துணைகள் அப்பொருளிடத்தில் ஏதேனும் சேர்த்தனவா இல்லையா என்று கேட்க வேண்டும். சேர்த்தன எனில் அது மாறிற்று, இல்லை எனில் துணையால் பயன் இல்லை. ஒருசேர என்றால் உலகின் காரியங்கள் அனைத்தும் ஒரே கணத்தில் தோன்றியிருக்க வேண்டும், அது கண்ணுக்கு மாறானது.

நையாயிகருக்கு இதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. அவர்கள் ஏற்ற வைசேடிகப் பொருட்பாகுபாட்டில் காலம் ஒன்பது திரவியங்களுள் ஒன்று. அது ஒன்றே, எங்கும் நிறைந்தது, நித்தியமானது. அவர்களுடைய ஈசுவரன் காலத்தையும் படைப்பதில்லை, அணுக்களையும் படைப்பதில்லை. உயிர்களின் அதிருட்டத்துக்கு, அதாவது வினைப்பயனின் கண்ணுக்குத் தெரியாத இருப்புக்கு ஏற்ப, உள்ளவற்றை ஒழுங்குபடுத்துகிறான். காலம் எனும் சட்டகம் வெளியே தயாராக இருப்பதால் வரிசை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அங்கே விடை உண்டு.

காலத்தையும் கடவுள்தான் படைத்தார் என்போருக்கு அந்தப் பாதை அடைபட்டது. ஆனால் சாந்தரட்சிதர் விரித்த இருமுனை வலையின் இரண்டாம் முனையில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒருசேரப் பிறப்பிக்கிறது என்றால் எல்லாம் ஒரே கணத்தில் தோன்ற வேண்டும் என்று அவர் முடிவு கட்டும்போது, பிறப்பிக்கும் செயலும் ஒரு கணத்தில் நிகழ்வது என்று முன்கூட்டியே கொண்டுவிடுகிறார். அச்செயல் எந்தக் கணத்திலும் இல்லாததாக இருந்தால், அதன் விளைவு ஒரு கணத்தில் குவிய வேண்டியதில்லை. கணங்களின் வரிசை முழுவதையும் விளைவாகக் கொள்ளலாம். செயலில் முறை இல்லை, விளைவில் முறை இருக்கிறது என்ற இவ்விடையே காலாதீதக் கொள்கைக்குத் தகுந்த ஒரே விடையாகத் தோன்றுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. கடந்ததும் நிகழ்வதும் வருவதும் ஒரே தன்மையில் உள்ளவை என்று ஏற்றால்தான் அவை அனைத்தும் ஒரே செயலுக்கு விளைவாக நிற்கும்.

இயற்பியல் எவ்வளவு சொல்கிறது

1931இல் 'நேச்சர்' இதழில் பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமேத்ர் எழுதிய சுருக்கமான கடிதம் ஒன்று, பேரண்டம் ஒற்றைக் குவாண்டத்திலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றும், அந்நிலையில் வெளியும் காலமும் பொருளற்றவை என்றும் கூறியது. லெமேத்ர் இயற்பியலாளர் மட்டுமல்லர், கத்தோலிக்கக் குருவும்கூட. அக்கடிதத்தில் அவர், உலகின் தொடக்கம் வெளி, காலம் ஆகியவற்றின் தொடக்கத்துக்குச் சற்று முன்னதாக நிகழ்ந்தது என்ற கருத்துப்படவும் எழுதியிருக்கிறார். காலமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் அறிஞரின் எழுதுகோலும் 'சற்று முன்' என்று வழுக்குவதைக் காணும்போது, கசாலி சுட்டிய கற்பனைப் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும். 1951 நவம்பரில் திருத்தந்தை 12ஆம் பயஸ், அறிவியலே படைப்பின் ஆதிக்கணத்துக்குச் சான்று பகர்வதுபோல் உரையாற்றியபோது லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தமது கோட்பாட்டைச் சமயச் சான்றாக ஆக்குவதை அவர் விரும்பவில்லை.

அதற்குப் பிந்தைய வளர்ச்சிகளைச் சுருக்கமாகவே குறித்தால் போதும். பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது விரிவு தொடங்கிய அடர்ந்த, வெப்பமிக்க நிலையிலிருந்து எண்ணிய கணக்கு. 1983இல் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஸ்டீபன் ஹாக்கிங்கும் முன்வைத்த எல்லையற்ற நிலைக் கருதுகோள், மிகத் தொடக்க நிலையில் காலம் வெளியின் பரிமாணம் போலவே நடந்துகொள்ளும், ஆகவே காலத்துக்கு விளிம்பு என்ற ஒன்று இல்லை என்றது. 2003இல் போர்டே, கூத், விலென்கின் ஆகியோர் நிறுவிய தேற்றம், சராசரியாக விரிந்துகொண்டே வரும் எந்தப் பேரண்டமும் கடந்த காலத்தில் முடிவின்றி அவ்வாறே விரிந்து வந்திருக்க முடியாது என்பதைக் காட்டியது. விரிவுக்கு முன் வேறு வகை இயற்பியல் இருந்ததா என்பதை அது தீர்க்கவில்லை.

'எ பிரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' நூலில் ஹாக்கிங், விளிம்பு இல்லையென்றால் படைப்பாளனுக்கு இடம் எங்கே என்று கேட்டார். அக்குவினாஸின் சார்புக் கொள்கைக்கு எதிராக இக்கேள்வி செல்லாது. விளிம்புள்ள காலமும் விளிம்பற்ற காலமும் ஒருபடித்தாகவே சார்ந்து நிற்க முடியும். உலகின் தொடக்கத்தை முதலாகக் கொண்டு கடவுளை நிறுவ முயல்வோருக்கு எதிராகவே அது முழுமையாகச் செல்லும். இன்னொன்றும் சொல்லத்தக்கது. வெறுமையிலிருந்து பேரண்டம் குவாண்டம் முறையில் தோன்றியது என்று 1982இல் அலெக்சாண்டர் விலென்கின் முன்வைத்த கருத்தில், அத்தோற்றத்தை ஆளும் இயற்பியல் விதிகள் காலத்துக்குள் இருப்பவை அல்ல. காலத்தில் இல்லாத விதியிலிருந்து காலம் எப்படிப் பெறப்படுகிறது என்ற கேள்வி, காலத்தில் இல்லாத கடவுளிடமிருந்து காலம் எப்படிப் பெறப்படுகிறது என்ற கேள்வியின் உடன்பிறப்பு. ஒன்றை அறிவியல் என்றும் மற்றதைப் பேதைமை என்றும் தள்ளிவிட இயலாது.

'இப்போது' என்பதை யார் அறிவார்

1908இல் கேம்பிரிட்ஜின் மெய்யியலாளர் மக்டாகர்ட் காலவரிசையை இருவகையாகப் பிரித்தார். இறந்தது, நிகழ்வது, எதிர்வது என்று நகர்ந்துகொண்டே இருக்கும் வரிசை ஒன்று. முந்தியது, பிந்தியது என்று என்றும் மாறாது நிற்கும் வரிசை மற்றொன்று. முதல் வரிசையே மெய் என்றால் 'இப்போது' என்பது உலகின் உண்மையான இயல்பு. இரண்டாவதே மெய் என்றால் 'இப்போது' என்பது 'இங்கே' என்பதுபோல் சொல்பவரைப் பொறுத்தது. காலாதீதக் கடவுள் படைத்த காலம் இரண்டாம் வகையாகத்தான் இருக்க முடியும் என்பது மேலே கண்டதன் விளைவு.

மெய்யியலாளர் ஆர்தர் பிரையர் 1959இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில்தான் குத்துகிறது. வலி முடிந்ததும் ஒருவன் ஆறுதல் கொள்கிறான். அந்த ஆறுதல் வலி இன்ன தேதியில் முடிவடைகிறது என்ற மாறாத உண்மையைப் பற்றியதன்று, ஏனென்றால் அந்த உண்மை வலிக்கு முன்பும் தெரிந்ததே. வலி இப்போது இல்லை என்பதைப் பற்றியது. அந்த 'இப்போது' மெய்யானால், அதைக் காலத்துக்கு வெளியே இருப்பவர் அறிய முடியாது. அறிந்தால் அவரது அறிவு கணந்தோறும் மாறும். எல்லாம் அறிந்தவர் என்ற இலக்கணமும் காலாதீதர் என்ற இலக்கணமும் இங்கே ஒன்றையொன்று நெருக்குகின்றன. கடவுளின் நித்திய நிகழ்வும் மனிதரின் ஒவ்வொரு நிகழ்காலமும் ஒருங்கே உள்ளவை என்று காட்டுவதற்காக 1981இல் எலனோர் ஸ்டம்பும் நார்மன் கிரெட்ஸ்மனும் ஒரு தனிவகை உடனிகழ்வை வரையறுத்தனர். ஆனால் அது உடனிகழ்வுக்கு ஒரு புதுப் பெயரைக் கொடுத்ததே தவிர, நீரோவின் உரோமும் இன்றைய உரோமும் ஒரே நித்தியத்தோடு உடனிருந்தும் ஒன்றோடொன்று உடனிராதது எப்படி என்பதை முழுமையாக விளக்கவில்லை.

மெய்யியலாளர் வில்லியம் லேன் கிரெய்க் இரு கரைகளிலும் கால் வைக்க முயன்றவர். படைப்பு இல்லாத நிலையில் கடவுள் காலாதீதர், படைப்பு தொடங்கியதிலிருந்து காலத்தில் உள்ளவர் என்பது அவர் நிலை. 'படைப்புக்கு முன்' என்பதற்குப் பதிலாகப் 'படைப்பின்றி' என்று அவர் எழுதுவது கவனமான செயல்தான். இருந்தாலும், காலமற்ற நிலையும் காலமுள்ள நிலையும் ஒரே கடவுளுடைய இரு நிலைகள் என்றால், அவற்றை இணைப்பது எது? முதலாவதிலிருந்து இரண்டாவதற்குச் செல்லுதல் மாற்றம். மாற்றத்துக்குக் காலம் வேண்டும். அக்காலம் இரண்டாவது நிலைக்குள்தான் இருக்கிறது. சிக்கல் தீரவில்லை, வாசற்படிக்கு நகர்த்தப்பட்டிருக்கிறது.

சைவ சித்தாந்தத்தில் காலம் ஒரு தத்துவம்

தமிழில் இப்பிரச்சினையைத் தருக்க வரம்புக்குள் நின்று ஆராய்ந்த மரபு சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் அமைத்த சிவஞானபோதமும், அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் செய்த சிவஞான சித்தியாரும், பின்னர் 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியமும் இதன் அடிப்படை நூல்கள். இங்கே இன்மையிலிருந்து படைத்தல் என்பது கிடையாது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி; உலகுக்கு மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். ஒடுங்கிய உலகம் ஒடுங்கிய இடத்திலிருந்தே மீண்டும் தோன்றும் என்பதால் சங்காரம், அதாவது ஒடுக்கம், செய்பவனே முதல்வன்.

ஆனால் இந்த அநாதிப் பட்டியலில் காலம் இல்லை என்பதுதான் கருதத்தக்கது. 36 தத்துவங்களுள் ஒன்றாக, அசுத்த மாயையிலிருந்து தோன்றும் வித்தியா தத்துவங்கள் ஏழனுள் ஒன்றாக, காலம் எண்ணப்படுகிறது. அது அறிவற்றது, தோன்றி ஒடுங்குவது, உயிரின் நுகர்ச்சியை இறந்தது, நிகழ்வது, எதிர்வது என்று எல்லைப்படுத்துவது. காலமே கடவுள் என்ற வாதத்தைச் சித்தியார் மறுப்பதும் அது அசித்து என்ற இந்தக் காரணத்தைக் கொண்டே. வைசேடிகர் நித்தியத் திரவியம் என்று கொண்டதைத் தமிழ்ச் சைவர் காரியப் பொருளாக்கிவிட்டனர். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு: சிவன் நேரே இயக்குவது சுத்த மாயையை மட்டுமே; அசுத்த மாயையை அவன் ஆணைவழி நின்று இயக்குபவர் அனந்த தேவர். ஆகவே கறாராகச் சொன்னால், காலத்தைத் தோற்றுவிக்கும் நேர்வினை காலாதீதனான சிவனுடையது அன்று.

அப்படியானால் காலதத்துவத்துக்கு முன்னரே தோன்றுவதாகச் சொல்லப்படும் சிவம், சத்தி, சாதாக்கியம், ஈசுரம், சுத்த வித்தை என்னும் ஐந்து சுத்த தத்துவங்களுக்கு வரிசை எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். சித்தியார் இதைக் கேட்டு விடையும் சொல்கிறது. அவை காலத்தைக் கடந்தவை ஆதலால் அவற்றிடையே முன்பின் இல்லை. முன்பின் என்று எண்ணுவது அவற்றின் செயல் வேறுபாட்டைப் பற்றியே. புழுதியிலுள்ள சுவட்டைப் பற்றிய வாதம் நிறுவ முயன்ற அதே வேறுபாட்டை, அதாவது சார்பின் வரிசை வேறு, காலத்தின் வரிசை வேறு என்பதை, அருணந்தி தம் மரபின் சொற்களிலேயே இங்கு வந்தடைகிறார். அவரது இந்தப் பாடல் இன்னும் பரவலாக ஒப்பாய்வுக்கு எடுக்கப்பட வேண்டியது.

தொழில் செய்தும் இறைவன் விகாரப்படாமைக்குச் சித்தாந்த நூல்கள் கதிரவனின் சந்நிதியைக் காட்டுகின்றன: அதன் முன்னிலையில் ஒரு தாமரை அலர்கிறது, ஒன்று முகிழ்க்கிறது, ஒன்று உலர்கிறது, கதிரவன் மாறுவதில்லை. வேறுபாடு தாமரைகளின் பக்குவத்தில் இருக்கிறது. சாந்தரட்சிதர் கேட்ட கேள்விக்கு இது நேர்விடை: வரிசை காரணத்திலிருந்து வரவில்லை, ஏற்கும் பொருளிலிருந்து வருகிறது. இன்மையிலிருந்து படைப்பவருக்கு இந்த விடை கிட்டாது, ஏனெனில் அங்கே ஏற்கும் பொருளே இல்லை. இன்னொரு இடத்தில், உலகைத் தந்து நிறுத்தி அழித்தும் தான் மாறாதிருப்பதற்குச் சித்தியார் காலத்தையே உவமையாகக் காட்டுவது வேடிக்கையானது. காரியப் பொருள் என்று தாழ்த்திய காலம், விகாரமின்மைக்கு அளவுகோலாக அங்கே திரும்பி வந்துவிடுகிறது.

இந்த அமைப்பின் இடர்ப்பாடும் அந்தப் பக்குவத்தில்தான் இருக்கிறது. சங்காரத்தைச் சித்தாந்தம் உயிர்களுக்கு அளிக்கப்படும் இளைப்பாற்றலாகக் கொள்கிறது. பிறந்து இறந்து களைத்த உயிர் அங்கே ஓய்கிறது. பிறகு புனருற்பவம், மீண்டும் தோற்றம். ஓய்வு என்றால் ஓரளவு நீட்சி வேண்டும். ஆனால் சங்காரத்தில் காலதத்துவமும் மாயையில் ஒடுங்கிவிடுகிறது. காலம் ஒடுங்கிய நிலையில் ஓர் உயிர் எவ்வளவு ஓய்ந்தது, மறுதோற்றம் எப்போது நிகழ வேண்டும் என்பதற்கு அளவு எது? செயல் வேறுபாடே முன்பின் என்ற அருணந்தியின் விடையை இங்கும் நீட்டலாம் என்றால், ஒடுக்கத்தில் உயிரின் செயல் எதுவுமே இல்லை என்ற தடை குறுக்கே நிற்கிறது. இல்லையேல் காலதத்துவத்துக்கு அடியில், அளக்கப்படாததும் முக்காலமாகப் பிரியாததுமான ஒரு நீட்சியை ஒப்புக்கொள்ள வேண்டும். அண்மைக் காலத்தில் ஆலன் பாட்ஜெட், ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் போன்றோர், படைப்புக்கு முன் கடவுளுக்கு இருந்தது அளவீடற்ற காலமே, காலமின்மை அன்று என்று வாதிட்டதும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வந்து சேர்கிறது. அளவீடற்ற அந்த நீட்சியையும் காலம் என்றே கொள்வதானால், மெய்கண்டார் மரபின் அநாதிப் பொருள்களின் எண்ணிக்கை மூன்றோடு நிற்குமா என்பதைச் சித்தாந்திகளே தீர்க்க வேண்டியிருக்கும்.